நாலு வருசம் ஈரம் படாத வள்ளம்

1

போன ஆனி மாசத்திலை ஒரு சனிக்கிழமை, காலமை எட்டு மணிக்கு, என்ரை தங்கச்சி வதனியை நானே கடலிலை தள்ளிப்போட்டன் எண்டது எனக்கு விளங்கினது. அவள் யாழ்ப்பாணத்துத் தீவிலை, எங்கடை ஊர் இறுப்பிட்டிக் கரையிலை. நான் நோர்வேயிலை, எங்கடை குடியிருப்பின்ரை கார் தரிப்பிடத்திலை, கையிலை தேத்தண்ணிக் கோப்பையோடை. எனக்கு விளங்கின நேரம் அவள் வள்ளத்திலை ஏறி வெளிக்கிட்டிருப்பாள்.

ஊரிலை இருக்கிற நீங்கள் இதை வாசிச்சுப்போட்டு "இவனென்ன விசரனோ" எண்டு கேட்பியள். கேளுங்கோ, நான் கோவிக்கேல்லை. ஆனால் முழுக்க வாசிச்சுப்போட்டுக் கேளுங்கோ.

2

என்னட்டை இஞ்சை ஒரு சின்னப் படகு இருக்கு. பைபர் படகு, ஆரோ பாவிச்சு வித்தது. நான் வயோதிபர் இல்லத்துக் குசினியிலை வேலை. கோடையிலை லீவு நாளிலை மகளையும் கூட்டிக்கொண்டு போய்த் தூண்டில் போடுவம் எண்டு வாங்கினனான். மகள் மதுரா இரண்டுதரம் வந்தாள். மூண்டாம்தரம் "அப்பா, குளிருது" எண்டாள். அதோடை சரி.

வாங்கின வருசமே குடியிருப்புச் சபையிலையிருந்து ஒரு கடிதம் வந்தது. தரிப்பிடத்திலை படகு வைக்கிறதெண்டா கழுவித் துப்பரவாய் வைக்கவேணும், மூடி வைக்கவேணும், மூடுற படங்கு சாம்பல் நிறமாய் இருக்கவேணும், நீலம் ஆகாது. நான் வாங்கினது நீலப் படங்கு. இருந்த கோவத்திலை நோர்வேஜிய மொழியிலை இரண்டு பக்கம் பதில் எழுதினன். மதுரா வாசிச்சுப்போட்டு, "அப்பா, இது நீங்கள் அகதி வழக்குக்கு எழுதின மாதிரி இருக்கு. படங்கு மாத்திறன் எண்டு ஒரு வரி எழுதினால் காணும்" எண்டு சொல்லி முழுக்க அழிச்சுப்போட்டாள். நானும் நிறத்தை மாத்தினன். நாட்டையே மாத்தினவனுக்கு இது என்ன பெரிய விசயம்!

படகை வைச்சிருக்கிற முறையைச் சொல்லித் தந்தது பக்கத்து வீட்டு ஓலாவ். பென்சன் எடுத்த மனுசன், வருசம் முழுக்கப் படகுகளோடைதான் கிடப்பான். உப்புப் போக நல்ல தண்ணி அடிச்சுக் கழுவு. அடியிலை இருக்கிற தக்கையைக் கழட்டிவிடு, உள்ளுக்கை ஒரு சொட்டும் நிக்கப்படாது. அணியப் பக்கத்தைத் தூக்கி வை, அப்பதான் முன்னுக்கு நிக்கிற தண்ணி பின்னுக்கு ஓடும். படங்கை இறுக்கிக் கட்டாதை, காத்து உள்ளட்டு வெளியேறவேணும். நான் ஒவ்வொண்டையும் எழுதி வைச்சுச் செய்தன். மூண்டாம் வருசம் ஓலாவ் வந்து உள்ளுக்கை கையை விட்டுத் தடவிப் பார்த்து, "உன்ரை படகுதான் இந்தத் தெருவிலை நல்லாய்க் காய்ஞ்ச படகு" எண்டான். முப்பத்தொரு வருசத்திலை இந்த நாட்டுக்காரன் ஒருத்தன் என்னைப் புகழ்ந்தது அண்டைக்குத்தான். எனக்குத் தலை கால் தெரியேல்லை.

3

எனக்கு ஈரமெண்டால் சின்ன வயசிலையிருந்தே பயம். ஐயா தெற்கிலை ஒரு ரவுணிலை பலசரக்குக் கடை வைச்சிருந்தவர். நான் தீவிலை பிறந்தனான் எண்ட பேர்தானே ஒழிய, வளர்ந்தது கடையின்ரை பின்னறையிலை, அரிசி மூட்டைக்கும் செத்தல் மிளகாய்க்கும் இடையிலை. மூட்டை நிலத்திலை முட்டப்படாது, பலகை போடவேணும். சுவரிலை சாயப்படாது, ஒரு சாண் இடைவெளி விடவேணும். மழைக்காலத்திலை ஐயா விடியக்காலமை எழும்பி முதல் வேலையாய் ஒவ்வொரு சாக்கின்ரை அடியையும் தடவிப் பார்ப்பார். ஒருக்கா நான் சீனிச் சாக்குக்கு மேலை ஈரக் குடையை வைச்சுப்போட்டன். அந்த அடி இப்பவும் ஞாபகம் இருக்கு. எங்கடை வீட்டிலை ஈரம் எண்டால் நட்டம், அவ்வளவுதான்.

அப்பிடிப்பட்ட வீட்டிலை வள்ளம் வந்தது ஒரு நேர்த்தியாலை. கடை நல்லாய் ஓடினால் நயினாதீவு அம்மாளாச்சியின்ரை திருவிழாவிலை ஒரு நாள் அன்னதானத்துக்கு அரிசியும் மரக்கறியும் குடுக்கிறன், அதுவும் சொந்த வள்ளத்திலை கொண்டுவந்து இறக்கிறன் எண்டு ஐயா நேர்ந்திட்டார். ஏன் சொந்த வள்ளம் எண்டு கேட்டால், "கூலி வள்ளத்திலை கொண்டுபோனால் அது யாவாரம்" எண்டு சொல்லுவார். மரத்தாலை ஒரு வள்ளம் செய்விச்சார். வருசத்திலை ஒரு நாள் நயினாதீவுக்குப் போறதுக்கு மட்டும். மற்ற நாளெல்லாம் இறுப்பிட்டியிலை வீட்டு வளவுக்கை, ஓலைக் கொட்டிலுக்குள்ளை கிடக்கும். அதைப் பார்க்கிறது, ஓட்டுறது எல்லாம் பக்கத்துக் கரையிலை மீன்பிடிக்கிற மரியதாஸ் அண்ணையின்ரை குடும்பம். எங்கடை குடும்பத்திலை ஒருத்தருக்கும் நீந்தக்கூடத் தெரியாது.

நாலு வருசத்துக்கு முதல் நான் ஊருக்குப் போனபோது வள்ளம் பாக்கேலாத நிலையிலை கிடந்தது. யுத்தம், இடம்பெயர்வு எண்டு எத்தினையோ வருசம் கவனிப்பாரில்லை. தச்சனைப் பிடிச்சு மூண்டு பலகை மாத்தி, இடுக்கெல்லாம் பஞ்சும் பிசினும் வைச்சு அடைச்சு, நீலமும் வெள்ளையும் பெயின்ற் அடிச்சு, அந்த வருசத் திருவிழாவுக்கு நானே ஏறி இருந்து போனன். ஐயா கரையிலை கதிரையிலை இருந்து பாத்தவர். அடுத்த வருசம் பெற்றோல் இல்லை. அதுக்கடுத்த வருசம் ஐயா செத்த துடக்கு, கோயிலுக்குப் போகேலாது. பிறகு வதனியின்ரை மனுசனுக்கு ஒப்பரேசன். இந்த வருசம்தான் திரும்பப் போறதெண்டு முடிவாச்சு.

நான் அந்தமுறை ஊரிலையிருந்து வெளிக்கிடேக்கை வதனிக்கு ஒரு கொப்பியிலை எழுதிக் குடுத்தன். ஓலைக் கொட்டில் வேண்டாம், ஒழுகும், தகரம் போடு. கீழை சீமெந்து போடு. வள்ளத்தை நல்ல தண்ணியிலை கழுவு. தக்கையைக் கழட்டிவிடு. அணியத்தைத் தூக்கி வை. கிழமைக்கு ஒருக்கா உள்ளுக்கைத் துணியாலை துடை. மரியதாஸ் அண்ணை வந்து மீனெண்ணெய் பூசப் பார்ப்பார், விடாதை, நாறும், ஊத்தை பிடிக்கும். ஓலாவ் எனக்குச் சொன்னதெல்லாம் நான் வதனிக்குச் சொன்னன். அதுக்கு மேலை ஐயாவின்ரை கடைப் பின்னறையையும் சேர்த்துச் சொன்னன்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இஞ்சத்தை பத்து மணிக்கு எடுப்பன். "துடைச்சனீங்களோ?" "ஓம் அண்ணை." "உள்ளுக்கை ஈரம் இருக்கோ?" "இல்லை அண்ணை." "காத்துப் போகுதோ?" "ஓம் அண்ணை." "படம் ஒண்டு அனுப்பு." படம் வரும். கொட்டில் தெரியாது, வள்ளம் மட்டும் நீலமும் வெள்ளையுமாய், பளபளவெண்டு, பவுடர் போட்ட பொம்பிளை மாதிரி நிக்கும். நான் அதை வேலைத்தலத்திலை எல்லாருக்கும் காட்டுவன்.

4

இனி அந்தச் சனிக்கிழமை.

எட்டு மணிக்குக் கொஞ்சம் முந்தி வதனியின்ரை குரல் போனிலை பதிவாய் வந்திருந்தது. "அண்ணை, லொறி பிந்தித்தான் வந்தது. இப்பதான் அரிசி ஏத்தி முடிஞ்சுது. நான், இவர், துஷா, மரியதாஸ் அண்ணை நாலு பேரும் போறம். சோழகக் காத்துக் கொஞ்சம் எழும்பிட்டுது, பரவாயில்லை எண்டுறார். போய் இறங்கி எடுக்கிறன்." துஷா எண்டது அவளின்ரை மகள். குரலுக்குப் பின்னாலை காத்து இரையிறது கேட்டுது. எனக்கு நல்ல சந்தோசம். தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு வெளியிலை வந்தன்.

தரிப்பிடத்திலை ஓலாவ் தன்ரை பழைய மரப் படகைக் கட்டைகளிலை ஏத்தி வைச்சுக்கொண்டு, குழாயைப் பிடிச்சு உள்ளுக்கை தண்ணி விட்டுக்கொண்டு நிண்டான். கழுவேல்லை. நிரப்புறான். பலகை இடுக்காலை தண்ணி நாலு பக்கமும் ஒழுகுது, அவன் பாட்டுக்கு விட்டுக்கொண்டே இருக்கிறான்.

"என்ன மனுசனப்பா நீ! எனக்கு ஒரு சொட்டும் நிக்கப்படாது எண்டு சொல்லிப்போட்டு நீ தொட்டி கட்டுறாய்" எண்டன்.

அவன் சிரிச்சான். "உன்ரை பிளாஸ்ரிக். இது மரம். குளிர்காலம் முழுக்கக் காய்ஞ்சு பலகை சுருங்கிப்போய்க் கிடக்கு. முதலிலை தண்ணி குடிச்சு ஊதவேணும். நாலைஞ்சு நாள் இப்பிடி விட்டால்தான் இடுக்குப் பூட்டும். இல்லாமல் கடலிலை இறக்கினால் பாதி வழியிலை மூழ்கிப்போகும்."

நானும் சிரிச்சன். சிரிச்சுக்கொண்டிருக்கேக்கைதான் எங்கடை வள்ளமும் மரம்தானே எண்டு பட்டுது.

போனை எடுத்து வதனி போன கிழமை அனுப்பின படத்தைக் காட்டினன். "இது எங்கடை வீட்டு வள்ளம். இதுவும் மரம்தான்."

ஓலாவ் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தான். "அருமையான வேலை. எத்தினை நாளாய்த் தண்ணியிலை கிடக்கு?"

"இண்டைக்குத்தான் இறக்கினம்."

"அதுக்கு முதல்?"

"நாலு வருசம். தகரக் கொட்டிலுக்குள்ளை. ஒரு சொட்டு ஈரமில்லை."

அவன் குழாயைக் கீழை போட்டான். தண்ணி தரிப்பிடம் முழுக்க ஓடிச்சுது, அவன் அதைப் பார்க்கேல்லை. "உங்கடை ஊர் வெயிலிலையோ? தகரத்துக்குக் கீழையோ? ஆர் அதிலை போகினம்?" எண்டு கேட்டான்.

அப்பதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. எனக்கு ஏழு எட்டு வயசு இருக்கும். கடையிலையிருந்து திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருக்கிறம். நான் கரைக்கு ஓடிப் போறன். எங்கடை வள்ளம் முழங்காலளவு தண்ணியிலை மூழ்கித் தாண்டு கிடக்குது, உள்ளுக்கை நிறையக் கல்லு. ஐயோ வள்ளம் தாண்டுபோச்சு எண்டு நான் குழறி அழுறன். மரியதாஸ் அண்ணையின்ரை தகப்பனும் மற்ற ஆக்களும் விழுந்து விழுந்து சிரிக்கினம். ஐயாவும் சிரிக்கிறார். அது ஏன் தண்ணிக்குள்ளை கிடந்தது எண்டு நான் அண்டைக்கும் கேட்கேல்லை, பிறகு ஒருநாளும் கேட்கேல்லை. ஐயாவுக்கும் வள்ளம் பற்றி ஒண்டும் தெரியாதுதான். ஆனால் தெரிஞ்ச ஆக்களிட்டை விடவேணும் எண்ட அளவுக்கு அவருக்கு அறிவு இருந்தது.

5

வதனிக்கு எடுத்தன். அடிக்குது, எடுக்கேல்லை. மச்சானுக்கு எடுத்தன். எடுக்கேல்லை. துஷாவுக்கு. இல்லை. திரும்ப வதனிக்கு. பிறகுதான் நினைவு வந்தது: வள்ளத்திலை ஏறமுதல் போனெல்லாத்தையும் பொலித்தீன் பையிலை கட்டி அரிசிச் சாக்குக்குள்ளை வையுங்கோ, ஈரம் படப்படாது எண்டு வியாழக்கிழமை சொன்னதும் நான்தான். அவளும் "ஓம் அண்ணை" எண்டு சொன்னவள்.

மரியதாஸ் அண்ணையின்ரை நம்பர் என்னட்டை இல்லை. நாலு வருசமாய் அவரைப் பற்றிக் கதைச்சிருக்கிறன், அவரோடை ஒருநாளும் கதைக்கேல்லை.

நான் கணக்குப் பார்த்தன். குறிகட்டுவான் துறையைத் தாண்டி நயினாதீவுக்கு அந்த வள்ளத்திலை அரை மணித்தியாலம் செல்லும். சோழகம் எதிர்க் காத்து, சில நேரம் கூடவும் செல்லும். மிதவைச் சட்டை இரண்டு இருக்கு, ஆள் நாலு. அதிலை மரியதாஸ் அண்ணையைத் தவிர ஒருத்தருக்கும் நீந்தத் தெரியாது. மூட்டைப் பாரம் வேறை. தண்ணி உள்ளட்டால் அரிசி ஊறும், ஊற ஊறப் பாரம் கூடும். கடைக்காரன்ரை பிள்ளைக்கு அது சொல்லித் தெரியவேணுமே?

"ஆருக்காவது சொல்லு, கரையிலை இருக்கிற ஆருக்காவது" எண்டு ஓலாவ் சத்தம் போட்டான். ஆருக்குச் சொல்லுறது? ஊரிலை இருக்கிற சொந்தக்காரர் எல்லாம் கனடாவிலையும் லண்டனிலையும் இருக்கினம். இணையத்திலை தேடி, கடலிலை விபத்தெண்டால் அறிவிக்கிற ஒரு கந்தோரின்ரை நம்பர் பிடிச்சன். எடுத்த பிள்ளை தமிழ்தான், மரியாதையான பிள்ளை.

"வள்ளத்தின்ரை பதிவு இலக்கம் என்ன?"

சொன்னன். அது என்ரை பேரிலைதான் பதிஞ்சிருக்கு, பாடமாய் இருக்கு.

"உரிமையாளர் இப்ப எங்கை?"

"நோர்வேயிலை. நான்தான்."

"விபத்து எத்தினை மணிக்கு நடந்தது?"

"இன்னும் நடக்கேல்லை தங்கச்சி. நடக்கப்போகுது."

"ஐயா, நடக்காததை நான் என்னெண்டு பதியிறது? நடந்தவுடனை எடுங்கோ."

நான் அந்தப் பிள்ளையைப் பேசின பேச்சை இஞ்சை எழுதேலாது. பிறகு வெட்கப்பட்டன். அவள் கேட்டதிலை ஒரு பிழையும் இல்லை. ஒருத்தி கடலுக்கை போய்க்கொண்டிருக்கிறாள், வள்ளம் ஓட்டை எண்டு ஐயாயிரம் மைலுக்கு அங்காலையிருந்து ஒருத்தன் சொல்லுறான், அந்த ஓட்டையைப் போட்டதும் தான்தான் எண்டு சொல்லுறான். ஆர் நம்புவினம்?

எட்டே முக்காலாச்சு. அரை மணித்தியாலம் கடந்துபோச்சு. அவள் எடுக்கேல்லை. அம்மாளாச்சி, உனக்குத்தானே கொண்டுவருகினம், நீ பாரம்மா எண்டு வாய்விட்டுக் கத்தினன். திரும்பவும் வதனியின்ரை நம்பரை அமத்தினன். ஓலாவ் என்ரை தோளிலை கையை வைச்சுக்கொண்டு நிண்டான்.

6

என்ரை சத்தத்திலை மதுரா எழும்பி வந்திட்டாள். அவள் முதல்நாள் பின்னேர வேலை முடிச்சுப் பிந்திப் படுத்தவள். தலை விரிச்சபடி, காலிலை சப்பாத்தும் இல்லாமல் தரிப்பிடத்துக்கு ஓடி வந்தாள்.

"அப்பா, ஆருக்கு என்ன?"

"மாமி சாகப்போறா" எண்டன். "நான்தான் காரணம். வள்ளத்தைக் காயவைச்சுக் காயவைச்சு... பலகையெல்லாம் விட்டிருக்கும். தண்ணி உள்ளட்டிருக்கும். அவையள் நடுக்கடலிலை நிக்கினம்."

அவள் என்னைப் பார்த்தாள், ஓலாவைப் பார்த்தாள், அவன்ரை படகிலையிருந்து ஒழுகுற தண்ணியைப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரிப் போச்சு. அது பயம் எண்டுதான் நான் நினைச்சன்.

"அப்பா, அந்த வள்ளம் காயேல்லை."

"உனக்கென்ன தெரியும்? ஒவ்வொரு கிழமையும் படம் பார்க்கிறனான்."

"அந்தப் படமெல்லாம் ஒரே நாளிலை எடுத்தது. துஷா சொன்னவள். நாற்பது ஐம்பது எடுத்து வைச்சுக்கொண்டு கிழமைக்கு ஒண்டாய் அனுப்புறது. முடிய, திரும்பப் பெயின்ற் அடிச்சு வேறை எடுக்கிறது."

எனக்கு அவள் சொல்லுறது காதிலை விழுது, ஆனால் உள்ளுக்கை போகேல்லை. "நீ துஷாவோடை கதைக்கிறனீயோ?"

"ஒவ்வொரு நாளும்."

இந்தப் பிள்ளைக்கு ஊர் தெரியாது, தமிழ் போய்க்கொண்டிருக்கு, என்னோடை கதைக்கவே நேரமில்லை எண்டெல்லாம் நான் எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன்!

அவள் தன்ரை போனிலை ஒரு வீடியோவைத் தேடி எடுத்து என்ரை கையிலை தந்தாள். எங்கடை வளவு. நான் போடச் சொன்ன தகரத்தைக் காணேல்லை, ஓலைக் கொட்டில்தான் நிக்குது. வள்ளத்துக்கு மேலை ஈரச் சாக்குகள் போர்த்திருக்கு. வதனி கடல்தண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளுக்கை ஊத்துறாள். அதுக்குள்ளை ஏற்கெனவே அரைவாசித் தண்ணி நிக்குது. அணியப் பக்கத்திலை மரியதாஸ் அண்ணை இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு, மூக்காலை, என்ரை குரலிலை கேட்கிறார்: "துடைச்சனீங்களோ? உள்ளுக்கை ஈரம் இருக்கோ? காத்துப் போகுதோ?" வதனி வாளியோடை நிண்டு, "ஓம் அண்ணை, நல்லாய்க் காய்ஞ்சு போச்சு அண்ணை" எண்டுறாள். துஷா சிரிக்கிற சிரிப்பிலை படம் ஆடுது. மச்சான் எங்கையோ பின்னுக்கு நிண்டு, "நல்ல தண்ணியாம்! நாங்கள் குடிக்கிறதுக்கே தண்ணி கொண்டுவாற பவுசரைப் பார்த்துக்கொண்டு நிக்கிறம், வள்ளத்துக்கு நல்ல தண்ணியாம்!" எண்டுறார். எல்லாரும் சிரிக்கினம்.

உயிர் வந்தது. அதை முதலிலை சொல்லவேணும். அந்த ஈரச் சாக்கைக் கண்டவுடனை நான் தரிப்பிடத்து ஈரத்திலை இருந்திட்டன். மதுரா ஓலாவுக்கு விசயத்தைச் சொன்னாள். அவன் பெரிசாய் மூச்சை விட்டு, "உன்ரை தங்கச்சி கெட்டிக்காரி" எண்டான்.

உயிர் வந்த கையோடை மற்றதும் வந்தது. நாலு வருசம். இருநூறு ஞாயிறு. என்னை இடுப்பிலை கை வைச்ச ஒரு கூத்தாய் வைச்சிருக்கினம். பைத்தியக்காரன் மாதிரி நான் அந்தப் படங்களை எத்தினை பேருக்குக் காட்டினனான்!

"எத்தினை நாளாய் உனக்குத் தெரியும்?"

"இரண்டு வருசம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை? அவள் ஏன் சொல்லேல்லை? பிழையெண்டா பிழையெண்டு சொல்லுறதுக்கு வாய் இல்லையோ? நான் என்ன, கடிச்சோ துப்பப்போறன்?"

மதுரா கொஞ்சம் யோசிச்சாள். அவளுக்குத் தமிழிலை கஷ்டமானதைச் சொல்லுறதெண்டால் யோசிக்கவேணும்.

"நானும் மாமியைக் கேட்டனான். மாமி சொன்னா, தாத்தா செத்தபிறகு அண்ணை வள்ளத்துக்காகத்தான் எடுக்கிறார், பிழையெண்டு சொல்லி அவர் கோவிச்சு விட்டிட்டார் எண்டால் பிறகு என்னத்துக்கு எடுக்கப்போறார் எண்டு."

ஐயா இருக்கேக்கை அவரோடை கதைக்க எடுப்பன். அவர் போனபிறகு நான் அவளிட்டை வேறை என்னத்தைக் கேட்டனான் எண்டு யோசிச்சுப் பார்த்தன். ஒப்பரேசன் நேரம் மச்சானைப் பற்றி இரண்டுதரம் கேட்டது ஞாபகம் வந்தது.

7

ஒன்பதேகாலுக்கு வதனி எடுத்தாள். பின்னாலை மேளச் சத்தமும் சனத்தின்ரை இரைச்சலும்.

"அண்ணை, வந்து இறங்கியாச்சு! போன் சாக்குக்கை கிடந்தது, இப்பதான் எடுத்தனான். என்ன இது, இருபத்தாறு தரம் எடுத்திருக்கிறியள்?"

நான் அழுறது அவளுக்குக் கேட்கப்படாது எண்டு போனை ஒருக்காத் தள்ளிப் பிடிச்சன். பிறகு, "சும்மா. காத்து எண்டு சொன்னனீ, அதுதான்" எண்டன்.

"காத்து இருந்துதுதான். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்கை வரேல்லை அண்ணை. அரிசி நனையேல்லை. நீங்கள் சொன்ன மாதிரிக் காயவைச்சிருந்தபடியாலைதான். மரியதாஸ் அண்ணையும் சொன்னவர், தம்பி சொன்னது சரிதான் எண்டு."

மதுரா எனக்குப் பக்கத்திலை நிலத்திலை இருந்து என்ரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப்போறன் எண்டு அவளுக்குப் பயம். எனக்கும் பயம்தான். எனக்குத் தெரியும் எண்டு சொன்னால் வதனி கோயில் வாசலிலை நிண்டு கூனிக் குறுகிப் போவாள். சொல்லாமல் விட்டால் வாற ஞாயிறு நான் திரும்ப இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு நிக்கவேணும்.

அந்த வீடியோவிலை எல்லாரும் சிரிச்சதைத்தான் நான் முதலிலை பார்த்தனான். வதனி எடுக்கமுதல் இரண்டாம்தரம் ஓடவிட்டுப் பார்த்தபோது வேறையொண்டு கண்ணிலை பட்டிருந்தது. வதனி வாளியைத் தூக்கிக்கொண்டு வாறபோது வலது காலை இழுத்து இழுத்து வாறாள். ஊத்திப்போட்டு வள்ளத்தின்ரை விளிம்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள், முகத்தைச் சுளிக்கிறாள், பிறகுதான் சிரிக்கிறாள்.

"வதனி, உன்ரை கால் என்ன செய்யுது?" எண்டு கேட்டன்.

மேளச் சத்தத்துக்கு மேலாலை அவள் கேட்டாள்:

"ஆர் அண்ணை சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. கேட்கிறன்."

"அது... முழங்கால். சில்லு தேஞ்சிட்டுதாம். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போறனான், குளிசை தருகினம்." குரல் மாறிப் போச்சு. சனத்துக்குள்ளையிருந்து விலகி எங்கையோ ஒதுக்குப்புறமாய்ப் போறாள் எண்டு விளங்கிச்சுது, மேளம் குறைஞ்சு கொண்டு போச்சு. "இரவிலை படுக்கேலாது அண்ணை. படி ஏறேலாது. இவருக்கு ஒப்பரேசன் எண்டபடியால் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"எவ்வளவு காலமாய்?"

"இரண்டு வருசமாய்" எண்டு சொல்லிப்போட்டு, அந்த ஒதுக்குப்புறத்திலை நிண்டு, என்ரை தங்கச்சி விக்கி விக்கி அழத் தொடங்கினாள்.